ஆன்டெனா நாய்ஸ் 290 கெல்வின், அப்படியே விட்டுறலாமா?

ரேடார் சிமுலேஷன் பண்ற பிள்ளைகள் டிரான்ஸ்மிட்டர் பவர், ஆன்டெனா கெயின், பல்ஸ் அகலம், பிஆர்எஃப் (செகண்டுக்கு எத்தன பல்ஸ்) இதுக்கெல்லாம் மெனக்கெட்டு டேட்டாஷீட் தேடி எடுத்துப் போடுவாங்க. ஆனா ரிசீவர் பக்கத்துல சிஸ்டம் நாய்ஸ் டெம்பரேச்சர்னு, அதாவது மொத்த இரைச்சல வெப்பநிலையா கெல்வின்ல சொல்றதுக்கு, ஒரு டேப் கெடக்கும், அத தொறந்து கூட பாக்குறதில்ல. சிமுலேஷன் மென்பொருள் எஸ்டிகே ஆகட்டும் மேட்லாப் ஆகட்டும், உள்ள ஏற்கனவே 290னு ஒரு நம்பர் உக்காந்திருக்கும், சரி பெரியவங்க யோசிச்சுதான் போட்டிருப்பாங்கன்னு அடுத்த டேபுக்குப் போயிருவாங்க. அந்த நம்பர எப்ப தொடணும், எப்ப தொடாம விடலாம்னு இந்த போஸ்ட்ல முழுசா எழுதிரலாம்னு இருக்கேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எனக்க அக்கா மவன் இசிஇ கடைசி வருஷம். கன்னியாகுமரி மாவட்டத்துல முட்டம் பாறைக்கு மேல ஒரு எக்ஸ் பேண்ட் (10 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம்) ரேடார் வெச்சா கடல்ல போற வள்ளங்கள எவ்வளவு தூரம் வரைக்கும் பாக்கலாம், இதுதான் அவனுக்க ப்ராஜெக்ட். "மாமா, ஆன்டெனா நாய்ஸ் கான்ஸ்டன்ட்ல விடவா, கால்குலேட் பண்ண சொல்லவா"ன்னு போன்ல கேட்டான். நல்ல கேள்வி. இந்த கேள்விய கேக்குறவனே பாதி கெணறு தாண்டிட்டான்னு சொல்லுவேன்.

மொதல்ல அடிப்படை. ரிசீவர்ல இருக்கிற இரைச்சல் பவர் கேடிபி, அதாவது போல்ட்ஸ்மேன் மாறிலி 1.38 × 10⁻²³, அத கெல்வின்ல இருக்கிற வெப்பநிலையால பெருக்கி, பேண்ட்விட்தால பெருக்கணும். 290 கெல்வினுக்கு இது ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோட ஒப்பிட்டு டெசிபல்ல, அதாவது டிபில, சொல்ற பவர்). பல்ஸ் ஒரு மைக்ரோசெகண்ட்னா பேண்ட்விட்த் ஏறக்குறைய ஒரு மெகாஹெர்ட்ஸ், அப்போ மைனஸ் 114 டிபிஎம். இந்த இரைச்சல்தான் தரை, இதுக்கு மேல எவ்வளவு உயரத்துல எதிரொலி நிக்குதுங்கிறதுதான் எஸ்என்ஆர், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். கொளச்சல் துறைமுகத்துல மீன் ஏலம் நடக்கும்போது பக்கத்துல நின்னு போன் பேசி பாத்திருக்கியளா, எதிர்ல பேசுறவரு கொரல கூட்டாட்டாலும் நாம நாலடி தள்ளிப் போனா தெளிவா கேக்கும்ல, அதே கதைதான் இது, பவர கூட்டாமலே தரைய எறக்கினா தூரம் கூடும். ஆனா ரேடார்ல தூரம் நாலாம் அடுக்குல வரும். அதனால இரைச்சல் ரெண்டு மடங்கு ஆனாலும் தூரம் பாதியாகாது, 84 சதவீதம்னு நிக்கும். இந்த நாலாம் அடுக்க மனசுல வெச்சுட்டே மத்தத வாசிங்க, எதுக்கு பதறணும் எதுக்கு பதறவேண்டாம்னு தானா தெரிஞ்சிரும்.

இப்போ ஆன்டெனா வெப்பநிலை. நெறைய பேர் இத அந்த உலோகத்துக்க சூடுன்னு நெனைக்காங்க. நாகர்கோவில்ல 32 டிகிரி வெயில் அடிக்குது, அதனால 305 கெல்வின் போடணும்னு ஒரு தம்பி வாதாடினாரு. அப்படி கெடையாது தம்பி. ஆன்டெனா எத பாக்குதோ அதுக்க வெப்பம்தான் ஆன்டெனா வெப்பநிலை. தரைய பாத்தா 290 பக்கம் வரும். மேகம் இல்லாத தெளிஞ்ச வானத்த நேரா மேல பாத்தா, 1ல இருந்து 10 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் வெறும் சில கெல்வின்தான். கடல பாத்தா ரெண்டுக்கும் நடுவுல, ஏன்னா தண்ணி தானா உமிழுறது ஒரு பங்குதான், மீதிக்கு வானத்தை கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். முட்டத்துல சுத்துற ஆன்டெனா ஒரு சுத்துல பாதி கடலையும் பாதி தென்னந்தோப்பையும் பாக்குது, ஒவ்வொரு திசையிலயும் ஆன்டெனா வெப்பநிலை கொஞ்சம் மாறிட்டேதான் இருக்கும். வானத்துக்கும் ஒரு சூடு இருக்குன்னு உலகத்துக்கு தெரிஞ்சதே இப்படித்தான். 1964ல பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க அமெரிக்காவுல ஹோம்டெல்ல ஒரு ஹார்ன் ஆன்டெனாவ வெச்சுட்டு, எல்லா கணக்கும் கழிச்சும் மூணரை கெல்வின் மிச்சம் வருதேன்னு விடாம தேடினாங்க, அது பிரபஞ்சத்துக்க பின்னணி கதிர்வீச்சுன்னு தெரியவந்து 1978ல நோபல் பரிசு. ஒருத்தர் 290ன்னு போட்டுட்டு போயிருந்தா அந்த மூணரை கண்ணுலயே பட்டிருக்காது.

சரி, திரைக்கு வருவோம். எஸ்டிகேல ரேடார் ஆப்ஜெக்ட்டுக்க ரிசீவர்ல சிஸ்டம் நாய்ஸ் டெம்பரேச்சர் கான்ஸ்டன்ட், கம்ப்யூட்னு ரெண்டு வழி. கம்ப்யூட் எடுத்தா எல்என்ஏ (ரிசீவர்ல மொதல்ல வர்ற இரைச்சல் கொறஞ்ச ஆம்ப்ளிஃபையர்) அதுக்க நாய்ஸ் ஃபிகர், அதாவது அது எவ்வளவு இரைச்சல் சேக்குதுங்கிற டிபி அளவு, அதுக்க வெப்பநிலை, ஆன்டெனால இருந்து எல்என்ஏ வரைக்கும் உள்ள கேபிள் இழப்பு, அந்த கேபிளுக்க வெப்பநிலை, அப்புறம் ஆன்டெனா நாய்ஸ்னு வரும். ஆன்டெனா நாய்ஸ்ல மறுபடியும் கான்ஸ்டன்ட் இல்லன்னா கணக்கு போடு, கணக்குன்னா சூரியன், வளிமண்டலம், மழை, மேகம், பூமி, பிரபஞ்சப் பின்னணின்னு டிக் பாக்ஸ்.

இதுல எல்என்ஏ வெப்பநிலைங்கிற பெட்டியில யாரும் ஊர் வெயில போட்டுறாதீங்க. நாய்ஸ் ஃபிகர்ங்கிற அளவே 290 கெல்வின வெச்சு அளக்குறதுதான், அது ஒரு ஒப்பந்தம், அத மாத்தினா டேட்டாஷீட் நம்பருக்கே அர்த்தம் போயிரும். மேட்லாப்ல ரிசீவர் ப்ரீஆம்ப்ல ரெஃபரன்ஸ் டெம்பரேச்சர்னு வர்றதும் இதேதான், 290லயே இருக்கட்டும். அங்க நாய்ஸ் ஃபிகர் டீஃபால்ட்டா பூஜ்யம் டிபின்னு இருக்கும், அத மட்டும் மறக்காம மாத்துங்க, இல்லன்னா சொர்க்கத்துல செஞ்ச ரிசீவர் உங்களுக்கு கெடச்சிரும். கேபிளுக்க வெப்பநிலைக்கு மட்டும் நெசமான சூட போடலாம். ஒரு டிபி இழப்புள்ள கேபிள் 290ல 75 கெல்வின் சேக்கும், 305ல 79. நாலு கெல்வின் வித்தியாசம், யாருக்கும் கஷ்டமில்ல. ஆனா அந்த இழப்பு ஒரு டிபியா ரெண்டு டிபியாங்கிறது ரொம்ப கஷ்டம். நம்ம கடக்கரையில உப்புக்காத்துக்கு கனெக்டர் எப்படி பச்சை பூத்துப் போகும்னு வீட்டு மாடியில டிஷ் வெச்சவங்களுக்கே தெரியும், எல்என்ஏக்கு முன்னால விழுற ஒவ்வொரு டிபியும் சிக்னலையும் கொறைக்கும், இரைச்சலையும் ஏத்தும். ஃப்ரிஸ்னு ஒரு இன்ஜினியர் 1944ல எழுதின சூத்திரம் சொல்றது அதத்தான், முன்னால நிக்கிறவன் பண்ற கெடுதல பின்னால வர்றவன் சரிபண்ண முடியாது. அதனால கேபிள் இழப்ப பூஜ்யம்னு போடாதீங்க பிள்ளைகளா, வெளியில நிக்கப்போற ரேடாருக்கு கொஞ்சம் தாராளமாவே போடுங்க.

இப்போ முக்கியமான இடம். இங்கதான் நான் பாக்குற ரிப்போர்ட்ல பாதிக்கு மேல வழுக்குது. நாய்ஸ் ஃபிகர டிபில இருந்து ரேஷியோவா மாத்தி 290ஆல பெருக்கினா வர்றது, ஆன்டெனாவும் 290ல இருக்குன்னு ஏற்கனவே எடுத்துக்கிட்ட மொத்த வெப்பநிலை. மேட்லாப்ல சிஸ்டெம்ப் ஃபங்க்ஷன் தர்றதும் அதுதான். நாலு டிபிக்கு 290 × 2.51, அதாவது 728 கெல்வின். இது மேல போயி ஆன்டெனா வெப்பநிலை 200ன்னு இன்னொரு தடவ கூட்டினா ஒரே இரைச்சல ரெண்டு தடவ எண்ணியாச்சு. சரியான கூட்டல் என்னன்னா, ரேஷியோல ஒண்ண கழிச்சுட்டு 290ஆல பெருக்கணும், 438 கெல்வின், இது ரிசீவர் தன் பங்குக்கு சேக்குறது, இதோட ஆன்டெனா வெப்பநிலைய கூட்டினா 638. எந்த மென்பொருளா இருந்தாலும் மொத்த சிஸ்டம் வெப்பநிலைய கேக்குதா, இல்ல ரிசீவருக்க பங்க மட்டும் கேக்குதான்னு ஹெல்ப் பக்கத்துல ஒரு வரி வாசிச்சுட்டு போடுங்க, கேட்டியளா.

அந்த 638க்கும் 728க்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க. அரை டிபி சொச்சம். தூரத்துல மூணு சதவீதம். அக்கா மவனுக்க ரேடார் தொடுவானத்த பாக்குறது, கேபிளோட சேத்து நாலு டிபி நாய்ஸ் ஃபிகர், அப்போ 290ன்னு கான்ஸ்டன்ட்லயே விட்டாலும் பெரிய பாவம் ஒண்ணுமில்ல, ரிப்போர்ட்ல ஏன் விட்டோம்னு ரெண்டு வரி எழுதினா போதும்னு சொல்லிட்டேன். ஆனா அதே ரிசீவர மேல பாக்குற மாதிரி திருப்பி, ஆன்டெனா வெப்பநிலை 30 கெல்வின்னு வெச்சா சிஸ்டம் 468க்கு எறங்கும், 728ஓட ஒப்பிட்டா ரெண்டு டிபிக்கு கிட்ட, தூரம் பன்னெண்டு சதவீதம் கூடும். எல்என்ஏவ ஆன்டெனா பக்கத்துலயே வெச்சு மொத்தமே ஒரு டிபின்னு ஆக்கினா ரிசீவர் பங்கு 75தான், வானத்தோட சேத்து 105, நீங்க 290ன்னு விட்டிருந்தா 365. அஞ்சர டிபி. தூரத்துல 36 சதவீதம்! ரிசீவர் எவ்வளவு நல்லதோ, அவ்வளவுக்கு ஆன்டெனா எங்க பாக்குதுன்னு சரியா சொல்லியாகணும். செயற்கைக்கோள தொரத்துற ரேடாரு ப்ராஜெக்ட் எடுத்தவங்க 290 கான்ஸ்டன்ட்ல விட்டா அது நிச்சயமா தப்பான விடை.

சூரியன். நம்ம ஊருக்கு இது தனி விஷயம், உதிக்கிறதையும் மறையுறதையும் கடல்லயே பாக்குறவங்க நாம, அப்போ தொடுவானத்த சுத்திப் பாக்குற ரேடாரும் அத பாக்கும். கன்னியாகுமரி 8 டிகிரி வடக்கு, வருஷம் முழுக்க உதயம் 66ல இருந்து 114 டிகிரி அஜிமத்துக்குள்ள (வடக்குல இருந்து கெழக்கு பக்கமா அளக்குற திசைக்கோணம்), அஸ்தமனம் 246ல இருந்து 294க்குள்ள. 1942 பிப்ரவரியில பிரிட்டிஷ் ராணுவத்துக்க ரேடார்கள் எல்லாம் ஒண்ணா அலறினப்போ ஜெர்மன்காரன் ஜாம் பண்றான்னு பயந்தாங்க, ஹேன்னு ஒருத்தர் திசைகள ஒப்பிட்டு பாத்து அது சூரியன்னு கண்டுபிடிச்சாரு. சரி, சிமுலேஷன்ல சூரியனுக்கு டிக் போடணுமா? பீம பொறுத்தது. 10 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் அமைதியான சூரியன் பத்தாயிரம் கெல்வினுக்கு மேல உள்ள ஒரு அரை டிகிரி தட்டு. ஒரு டிகிரி பென்சில் பீம் அது மேல நேரா விழுந்தா ஆன்டெனா வெப்பநிலை ரெண்டாயிரம் கெல்வின் அளவுக்கு எகிறும், வானிலை ரேடார் படத்துல காலையும் சாயங்காலமும் ஒரு ஆரக்கால் மாதிரி கோடு விழுறது இதனாலதான், அத வெச்சே ஆன்டெனா சரியான தெசைய பாக்குதான்னு சரிபாக்குறவங்களும் உண்டு. ஆனா படகு ரேடார் மாதிரி அகலத்துல ஒண்ணேகால் டிகிரி, உயரத்துல இருபது டிகிரிக்கு மேல விரியுற விசிறி பீம்னா அந்த தட்டு பீம்ல நூத்துல ஒரு பங்கு கூட நெறைக்காது, நூறு கெல்வினுக்குள்ள அடங்கிரும். அக்கா மவன டிக் போட்டு ஒரு தடவ, போடாம ஒரு தடவ ஓட்டிப் பாக்க சொன்னேன், சூரியன் தொடுவானத்துல நிக்கிற நேரத்துக்கு சினாரியோ டைம வெச்சு. நடுப்பகல்ல வெச்சு ஓட்டினா ஒண்ணுமே தெரியாது பாத்துக்கோங்க.

மழை. ஆனி ஆடியிலயும் பெய்யும், ஐப்பசி கார்த்திகையிலயும் பெய்யும், ரெண்டு பருவமழையும் கெடைக்கிற மாவட்டம் நம்மளுது. மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில 10 ஜிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை டிபி இழக்கும், 3 ஜிகாஹெர்ட்ஸ் எஸ் பேண்ட்ல அதே மழைக்கு டிபில நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான். ரேடாருக்கு இந்த இழப்பு போகவும் வரவும் ரெண்டு தடவ. இரைச்சல் பக்கம் கணக்கு வேற, உறிஞ்சுற பொருள் உமிழவும் செய்யும், மூணு டிபி மழைன்னா சுமார் 137 கெல்வின் சேரும். ஏற்கனவே 200 கெல்வின்ல தொடுவானத்த பாத்துட்டு இருக்கிற ஆன்டெனாவுக்கு இதால பெரிசா ஒண்ணும் ஏறாது, ஏன்னா பின்னால இருந்து வர்ற சூட்டையும் மழை பாதி மறைச்சிரும். 30 கெல்வின் வானத்த பாக்குற ஆன்டெனாவுக்குத்தான் அடி. எஸ்டிகேல ஒரு சங்கதி, சினாரியோ அளவுல ஆர்எஃப் என்விரான்மென்ட்ல மழை மாடலையும் வளிமண்டல மாடலையும் தேர்ந்தெடுக்காம, ஆன்டெனா நாய்ஸ்ல போயி மழைக்கு டிக் மட்டும் போட்டுட்டு நம்பர் மாறலையேன்னு தேடாதீங்க. மாடல மொதல்ல, டிக் அப்புறம்.

குறைஞ்ச அலைவரிசையில வேலை பாக்குறவங்களுக்கு மேல சொன்னதெல்லாம் தலைகீழ். திருப்பதி பக்கம் காடங்கில இருக்கிற, வளிமண்டலத்த ஆராயுற எம்எஸ்டி ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ், அங்க வானமே சில ஆயிரம் கெல்வின், நம்ம பால்வீதிக்க இரைச்சல். கொச்சி குசாட் பல்கலைக்கழகத்துல இருக்கிற 205 மெகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு அது நூத்துக்கணக்குல எறங்கும். இந்த மாதிரி ரேடார சிமுலேட் பண்ணும்போது பிரபஞ்சப் பின்னணிங்கிற டிக் வெறும் 2.7 கெல்வின மட்டும் கூட்டுதா இல்ல பால்வீதியையும் சேக்குதான்னு பாத்தே ஆகணும். சேக்கலன்னா கான்ஸ்டன்ட் எடுத்து கையால நம்பர போடுங்க. 53 மெகாஹெர்ட்ஸ்ல அரை டிபி எல்என்ஏக்கு காசு கொட்டுறது வீண், வானம் அத முழுங்கிரும்.

இன்னொண்ணு, இரைச்சல் இல்லாதத இரைச்சல்ல போடாதீங்க. ஆரல்வாய்மொழி முப்பந்தல் காத்தாடிங்க (காற்றாலைங்க) ரேடார்ல தெரியும், எறக்கை சுத்துறதால வேகத்த காட்டுற டாப்ளர்லயும் தெரியும், ஓடுற பொருள்னு ரேடார் ஏமாறும், அது கிளட்டர், நமக்கு வேண்டாத எதிரொலி. அதுக்குன்னு ஆன்டெனா வெப்பநிலைய ஆயிரம்னு ஏத்தி வெச்ச ஒரு ரிப்போர்ட்ட பாத்தேன். இரைச்சல்னா பவர ரெண்டு மடங்காக்கினா ஜெயிக்கலாம், கிளட்டர்னா பவர ஏத்த ஏத்த அதுவும் சேந்து ஏறும், ரெண்டுக்கும் மருந்து வேற. கடல் அலையும் அப்படித்தான், கச்சான் காத்து அடிச்சு கடல் கொந்தளிக்கும்போது ஒரு சின்ன ஃபைபர் வள்ளம் இரைச்சல்ல மறையுறதில்ல, அலைக்க எதிரொலியில மறையுது.

அதுக்கும் மேல தொடுவானம்னு ஒண்ணு இருக்கு. ஆன்டெனா கடல் மட்டத்துல இருந்து 40 மீட்டர், வள்ளத்துக்க உயரம் 2 மீட்டர்னா சாதாரண நாள்ல ரேடார் பார்வை 32 கிலோமீட்டர். நாய்ஸ் ஃபிகர எவ்வளவு எறக்கினாலும் பூமிக்க வளைவு எறங்காது. சில நாள் கடல் மேல ஈரக்காத்து அடுக்கு அலைய வளைச்சு கூட தூரம் கொண்டு போகும், அத நம்பி டிசைன் பண்ண முடியாது. அக்கா மவனுக்க கிராஃப்ல மொதல்ல 70 கிலோமீட்டர் வரைக்கும் டிடெக்ஷன் காட்டிச்சு, லைன் ஆஃப் சைட் கண்ஸ்ட்ரெயின்ட் (தொடுவானத்துக்கு அப்பால தெரியாதுங்கிற கட்டுப்பாடு) போட்டதும் 32ல வெட்டி நின்னுச்சு, அவனுக்கு முகமே வாடிப்போச்சு. வாடவேண்டாம் மக்கா, அதுதான் உனக்க ப்ராஜெக்ட்டுக்க உண்மையான ரிசல்ட்னு சொன்னேன். இத நான் சும்மா சொல்லல. 2017 நவம்பர் 30 ஓகி புயல் நம்ம கடலுக்கு என்ன பண்ணிச்சுன்னு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்துல எந்த வீட்டுலயும் கேட்டுப் பாருங்க. அவங்க தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்க, கரையில இருந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போறவங்க. கரையில நிக்கிற ரேடார் 70ன்னு சிமுலேஷன்ல காட்டினா, அத நம்பி ஒருத்தர் ட்ரான்ஸ்பான்டர் எதுக்குன்னு கேட்டுட்டா? ஆழ்கடல் வள்ளத்துக்கு செயற்கைக்கோள் வழியா சேதி போற கருவிதான் வழி, கரை ரேடார் கரைப்பக்கத்துக்கு. இந்த எல்லைய ரிப்போர்ட்ல மொத பக்கத்துலயே எழுதச் சொல்லிருக்கேன்.

கடைசியா, சாஃப்ட்வேர் குடுக்கிற நம்பர சரிபாக்க ஒரு சுலப வழி. எல்லா டிக்கையும் எடுத்துட்டு, ஆன்டெனா 290 கான்ஸ்டன்ட், கேபிள் இழப்பு பூஜ்யம், நாய்ஸ் ஃபிகர் மூணு டிபின்னு போடுங்க, சிஸ்டம் 579 கெல்வின் பக்கம் வரணும். 290லயே நின்னா நாய்ஸ் ஃபிகர் எங்கயோ சேரல, 869 வந்தா ரெண்டு தடவ எண்ணியாச்சு. அப்புறம் ஒவ்வொரு டிக்கா போட்டு எவ்வளவு ஏறுதுன்னு ஒரு எக்ஸெல்ல குறிச்சுட்டே வாங்க. எஸ்டிகே லைசென்ஸ் கெடைக்காத பிள்ளைகள் வருத்தப்படவேண்டாம், இந்த போஸ்ட்ல உள்ள கணக்கு மொத்தமும் அந்த எக்ஸெல்லயே போடலாம், பைத்தான் தெரிஞ்சா இன்னும் நல்லது. சூரியனுக்க திசைய மட்டும் ஒரு லைப்ரரில எடுத்துக்கோங்க. ரிசீவர் நம்பர எங்க எடுக்கணும்னு தெரியாம நிக்கிறவங்க டேட்டாஷீட்ட கமென்ட்ல போடுங்க, பாத்து சொல்றேன்.